மூலக்கோப்பை மொழிபெயர்ப்புத் தளத்தில் ஏற்றும் முன்னும் பின்னும்

வெப்லேட், க்ரவுடின், டிரான்சிஃபெக்ஸ் என எந்த மொழிபெயர்ப்புத் தளமானாலும், மென்பொருளின் ஆங்கில வாக்கியங்கள் உள்ள மூலக்கோப்பை முதல் தடவை ஏற்றுவது ஐந்து நிமிட வேலை. கோப்பைக் காட்டிப் பொத்தானை அழுத்தினால் சரங்கள், அதாவது திரையில் தெரியும் சொற்களும் வாக்கியங்களும், வரிசையாக வந்து நிற்கும். அன்றைக்கே பல மொழிக்காரர்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். சிக்கல் வருவது இரண்டாம் தடவை ஏற்றும்போதுதான். அதற்குள் நிரல் மாறியிருக்கும், சில வாக்கியங்கள் திருத்தப்பட்டிருக்கும், ஒரு கோப்பு வேறு அடைவுக்குப் போயிருக்கும். அதே பொத்தானை அதே மாதிரி அழுத்துவோம். முழுதாக முடிந்திருந்த மொழிகள் எல்லாம் பாதியில் வந்து நிற்கும். அந்தப் பாதிக்குப் பின்னால் யாரோ தூக்கம் விட்டு உட்கார்ந்து செய்த வேலை இருக்கிறது. அது தொலையாமல் காப்பது மூலக்கோப்பை ஏற்றுகிறவரின் பொறுப்பு.

இது ஏன் நடக்கிறது என்று புரிய, தளம் ஒரு சரத்தை எதை வைத்து அடையாளம் காண்கிறது என்று பார்க்க வேண்டும். கோப்பு வடிவங்கள் இந்த விஷயத்தில் இரண்டு சாதி. கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவித்தொகுப்பின் பிஓ கோப்பில் ஆங்கில வாக்கியமேதான் சாவி, அதாவது சரத்தின் அடையாளம். எம்எஸ்ஜிஐடி என்ற வரியில் மூல வாக்கியமும், எம்எஸ்ஜிஎஸ்டிஆர் என்ற வரியில் மொழிபெயர்ப்பும் ஒரே கோப்பில் இருக்கும். இதை இருமொழிக் கோப்பு என்பார்கள். ஆண்ட்ராய்டின் ஸ்டிரிங்ஸ் எக்ஸ்எம்எல், ஜாவாவின் ப்ராப்பர்ட்டீஸ், பெரும்பாலான ஜேசன் கோப்புகள் ஆகியவற்றில் சாவி தனியாக ஒரு பெயராக இருக்கும். ஆங்கிலத்துக்கு ஒரு கோப்பு, தமிழுக்கு ஒரு கோப்பு. இவை ஒருமொழிக் கோப்புகள்.

முதல் வகையில் ஆங்கிலத்தில் ஒரு முற்றுப்புள்ளி சேர்த்தாலும் சாவி மாறிவிடும். தளத்துக்கு அது புதுச் சரம். இரண்டாம் வகையில் ஆங்கில வாக்கியத்தின் பொருளையே தலைகீழாக மாற்றினாலும் சாவி அப்படியே இருக்கும். பழைய மொழிபெயர்ப்பு தவறான பொருளோடு கோப்பில் உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்வதால்தான் பாதி விபத்துகள் நடக்கின்றன.

ஏற்றுவதற்கு முன்: வார்ப்புருவைச் சரியாக எடுப்பது

கெட்டெக்ஸ்ட் திட்டங்களில் தளத்துக்கு உண்மையில் போவது நிரல் கோப்பு அல்ல, அதிலிருந்து எக்ஸ்கெட்டெக்ஸ்ட் கருவி பிரித்தெடுக்கும் பிஓடி வார்ப்புரு. எந்தக் கோப்புகளிலிருந்து எடுக்க வேண்டும் என்ற பட்டியல் பிஓ அடைவில் பாட்ஃபைல்ஸ் டாட் இன் என்ற கோப்பில் இருக்கும். புதிதாக ஒரு நிரல் கோப்பு எழுதி, பட்டியலில் சேர்க்க மறந்தால் அதிலுள்ள சரங்கள் எந்த மொழிக்கும் போகாது. பிழைச் செய்தி எதுவும் வராது. மென்பொருள் வெளியான பிறகு நடுவே ஒரு சாளரம் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும்போதுதான் தெரியும்.

சி மொழி நிரலில் எக்ஸ்கெட்டெக்ஸ்ட்டுக்குக் குறிச்சொல்லைச் சொல்லித்தர வேண்டும். கெட்டெக்ஸ்ட், என்கெட்டெக்ஸ்ட் போன்ற முழுப்பெயர்களை அது தானாக அறியும். ஆனால் எல்லாரும் எழுதும் அடிக்கோடு அடைப்புக்குறி வடிவத்தை, கட்டளையோடு சேர்க்கும் கீவேர்ட் விருப்பத்தில் அடிக்கோட்டைக் கொடுத்தால்தான் பிடிக்கும். கொடுக்காமல் ஓட்டினால் வார்ப்புரு காலியாகவோ அரைகுறையாகவோ வரும். சரம் ஒன்றுமே கிடைக்காவிட்டால் கோப்பே உருவாகாது. அப்போது அடைவில் கிடந்த பழைய வார்ப்புருவையே புதியது என நினைத்து ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஆகவே ஏற்றுமுன் வார்ப்புருவின் தலைப்பில் உள்ள பிஓடி-கிரியேஷன்-டேட் வரியைப் பாருங்கள். இன்றைய தேதி இருக்க வேண்டும்.

மூலத்தில் வளைந்த மேற்கோள் குறியோ, ஒற்றை எழுத்தான முப்புள்ளியோ இருந்தால் கருவி ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்பு) அல்லாத எழுத்து என்று சொல்லி நின்றுவிடும். ஃப்ரம்-கோட் விருப்பத்தில், எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் குறியாக்கமான யூடிஎஃப்-8 என்று எப்போதும் கொடுத்துவிடுவது நல்லது. இன்றைக்கு மூலத்தில் ஆஸ்கி மட்டும் இருந்தாலும் நாளைக்கு யாராவது ஒரு நீள்கோடு போடுவார்கள்.

பைத்தானில், மதிப்பை நேரே உள்ளே நிரப்பிவிடும் எஃப்-ஸ்டிரிங்கை மொழிபெயர்ப்புச் செயற்கூறுக்குள் வைப்பது பரவலான தவறு. ஓடும்போது பெயர் நிரப்பப்பட்ட பிறகுதான் வாக்கியம் முழுமையாகிறது. 'வணக்கம் கண்ணன்' என்ற சாவி எந்தப் பிஓ கோப்பிலும் இருக்காது. முதலில் வெறும் வாக்கியத்தை மொழிபெயர்ப்புக்குக் கொடுத்து, திரும்பி வந்ததன்மேல் ஃபார்மட் செய்ய வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டின் சாய்மேற்கோள் வார்ப்புருக்களுக்கும் இதே கதைதான்.

இன்னொன்று, வெற்றுச் சரத்தை மொழிபெயர்ப்புக்கு அனுப்பக்கூடாது. பிஓ கோப்பில் வெற்றுச் சாவிக்கு உரிய மதிப்பு கோப்பின் தலைப்பு. அப்படி அழைத்தால் திரையில் திட்டத்தின் பெயர், தேதி, கடைசியாக மொழிபெயர்த்தவரின் மின்னஞ்சல் எல்லாம் கொட்டும்.

பைத்தானின் வலைச் சட்டகமான ஜாங்கோவில் சரங்களைப் பிரித்தெடுக்கும் மேக்மெசேஜஸ் கட்டளை, புள்ளியில் தொடங்கும் அடைவுகளைத் தானே தவிர்க்கும். வென்வ் என்று புள்ளியில்லாமல் பெயரிட்ட மெய்நிகர் சூழல் அடைவு திட்டத்துக்குள்ளேயே இருந்தால் அதைத் தவிர்க்காது. நிறுவிய நூலகங்களின் சரங்கள் அத்தனையும் உங்கள் கோப்பில் வந்து சேரும். இக்னோர் விருப்பத்தில் அந்த அடைவைக் குறிப்பிடுங்கள். ஏற்றிய பிறகு கண்டுபிடித்தால், அதற்குள் சிலர் அந்த அந்நியச் சரங்களை மொழிபெயர்த்து முடித்திருப்பார்கள்.

சூழலை முதல் நாளே கொடுங்கள்

'ஓப்பன்' என்ற ஒரு சொல் பட்டியலில் கட்டளையாக வந்தால் 'திற'. சிக்கல் ஒன்றின் நிலையாக வந்தால் 'தீர்வாகவில்லை' என்றுகூடச் சொல்ல வேண்டியிருக்கும். 'கிளியர்' தேடல் பெட்டிக்கருகே 'அழி', வானிலைச் செயலியில் 'தெளிந்த வானம்'. 'ஃப்ரீ' விலைப்பட்டியலில் 'இலவசம்', வன்தட்டில் 'காலி இடம்'. 'ஃப்ரம்' மின்னஞ்சலில் 'அனுப்புநர்', தேதி வரம்பில் தமிழுக்கு அது தேதிக்குப் பின்னால் ஒட்டும் 'முதல்'. கெட்டெக்ஸ்ட்டில் ஒரே ஆங்கிலச் சொல் நான்கு இடத்தில் வந்தாலும் வார்ப்புருவில் ஒரே பதிவாகிவிடும். மொழிபெயர்ப்பவருக்கு ஒரே ஒரு பெட்டி. எதை எழுதினாலும் மூன்று இடத்தில் தவறு.

இதற்கு எம்எஸ்ஜிசிடிஎக்ஸ்டி என்ற சூழல் வரி இருக்கிறது. நிரலில் பிகெட்டெக்ஸ்ட் என்று அழைத்து முதலில் சூழலையும் பிறகு சொல்லையும் கொடுத்தால் இரண்டும் தனித்தனிப் பதிவாகும். இதை முதல் பதிவேற்றத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். சூழலும் சாவியின் ஒரு பகுதி என்பதால், பின்னால் சேர்த்தால் அந்தச் சரம் எல்லா மொழியிலும் புதுச் சரமாகிவிடும்.

வாக்கியங்களுக்குச் சூழல் வரியைவிட விளக்கக் குறிப்பு பயன்படும். ஆட்-காமென்ட்ஸ் விருப்பத்தில் டிரான்ஸ்லேட்டர்ஸ் என்ற அடையாளச் சொல்லைக் கொடுத்து, நிரலில் அந்தச் சொல்லோடு தொடங்கும் குறிப்பை எழுதினால் அது வார்ப்புருவில் சரத்துக்கு மேலே வரும். குறிப்பு சரம் இருக்கும் வரிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இடையில் வேறொரு வரி நுழைந்தால் குறிப்பு ஒட்டாது. நிரலை அழகுபடுத்தும் கருவிகள் வரிகளை உடைக்கும்போது இப்படிப் பல குறிப்புகள் சத்தமில்லாமல் காணாமல் போகின்றன. மீடியாவிக்கி உலகில் இதற்கு இன்னும் கறாரான வழக்கம் உண்டு. ஆங்கிலக் கோப்புக்குப் பக்கத்திலேயே க்யூக்யூக்யூ என்ற மொழிக்குறியில் ஒரு ஜேசன் கோப்பு இருக்கும். ஒவ்வொரு சரமும் எங்கே வருகிறது, அதிலுள்ள மாறி எதைக் குறிக்கிறது என்று அதில் எழுத வேண்டும். டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் மொழிபெயர்ப்பவருக்கு அதுவே விளக்கமாகத் தெரியும். கெட்டெக்ஸ்ட் பயன்படுத்துபவர்களும் இந்த ஒழுங்கைக் கடன்வாங்கலாம்.

குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டியது, ஓடும்போது ஒரு சொல் நிரப்பப்படும் %எஸ் என்ற மாறியின் இடத்தில் என்ன வரும் என்பது. ஆங்கிலத்தில் 'டிலீட் %எஸ்' என்றால் முடிந்தது. தமிழில் பெயரோடு வேற்றுமை உருபு சேர வேண்டும். கண்ணன் 'கண்ணனை' ஆகும், மரம் 'மரத்தை' ஆகும். உள்ளே என்ன வரும் என்று தெரியாத மாறியோடு 'ஐ' ஒட்ட வழியில்லை. அங்கே வருவது கோப்பின் பெயர் என்று தெரிந்தால் ‘%எஸ் என்ற கோப்பை நீக்கவா?’ என்று எழுதிவிடலாம். ஆள் பெயர் என்று தெரிந்தால் 'என்பவரை' என்று மரியாதையோடு எழுதலாம். ஒரு வரிக் குறிப்பு இல்லாததால்தான் தமிழ் மென்பொருள்களில் '%எஸ்-ஐ நீக்கு' என்ற முடமான வாக்கியங்கள் குவிந்திருக்கின்றன. மொழிபெயர்த்தவரைக் குறைசொல்வதில் பொருளில்லை.

வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி நிரலில் ஒட்டுவதையும் இந்தக் கட்டத்திலேயே ஒழித்துவிட வேண்டும். 'யூ ஹேவ்' ஒரு சரம், எண், பிறகு 'மெசேஜஸ்' இன்னொரு சரம் என்று ஏற்றினால், வினை கடைசியில் வரும் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் அதை ஒட்டவே முடியாது. இரண்டு மாறிகள் இருந்தால் வரிசை எண் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் %1$எஸ், %2$எஸ். பைத்தானில் நெளி அடைப்புக்குள் பெயர். வரிசை எண் இல்லாமல் இரண்டு %எஸ் இருந்தால் தமிழில் இடம் மாற்றியதும் மதிப்புகள் தவறான இடத்தில் விழும்.

பன்மைக்கு என்கெட்டெக்ஸ்ட். எண் ஒன்றா என்று நிரலில் நீங்களே 'இஃப்' போட்டுப் பிரிக்காதீர்கள். தமிழுக்கு இரண்டு வடிவம், ரஷ்யனுக்கு மூன்று, அரபிக்கு ஆறு, ஜப்பானியத்துக்கு ஒன்று. ஒருமைச் சரத்திலும் எண் வந்து நிரம்பும் %டி இருக்கட்டும். 'ஒன் ஃபைல்' என்று எண்ணில்லாமல் எழுதினால் ரஷ்யனில் சிக்கல், ஏனென்றால் அங்கே 21, 31 எல்லாம் அதே முதல் வடிவத்தில்தான் வரும்.

எழுத்துக்குறியாக்கம்

பிஓ கோப்பை யூடிஎஃப்-8ல் சேமிக்கும்போது விண்டோஸில் சில பதிப்பிகள் தொடக்கத்தில் பாம் என்ற மூன்று பைட் குறியைச் சேர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. கெட்டெக்ஸ்ட் கருவிகள் முதல் வரியிலேயே எம்எஸ்ஜிஐடி என்ற சொல் தெரியாது என்று திட்டும். கோப்பில் எல்லாம் சரியாகத் தெரிந்தும் முதல் வரியில் பிழை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஜாவா ப்ராப்பர்ட்டீஸ் கோப்புகளில் வேறு தொல்லை. ஜாவா 8 வரை அவை, தமிழ் எழுத்துக்கு இடமில்லாத ஐஎஸ்ஓ-8859-1 குறியாக்கம் என்றே வாசிக்கப்பட்டன. தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் பின்சாய்வு, யு, நான்கு இலக்கம் என்று எழுத வேண்டியிருந்தது. 2017இல் வந்த ஜாவா 9 முதல் ரிசோர்ஸ்பண்டில் இவற்றை யூடிஎஃப்-8 ஆக வாசிக்கிறது. தளத்தில் கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வெப்லேட் இவை இரண்டையும் தனித்தனி வடிவமாகக் காட்டும். உங்கள் நிரல் எந்த ஜாவாவில் ஓடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தவறினால் தளத்தில் அழகாகத் தெரியும் தமிழ், செயலியில் புரியாத குறிகளாக வரும்.

நீள வரம்பு வைப்பதிலும் கவனம் வேண்டும். 'அமைப்புகள்' என்ற சொல் கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடில் 10 குறியீட்டுப் புள்ளி, யூடிஎஃப்-8ல் 30 பைட். அதன் ஆங்கில மூலமான 'செட்டிங்ஸ்' 8 பைட். உங்கள் சாதனத்தில் வரம்பு பைட்டிலா, எழுத்திலா, திரையின் அகலத்திலா என்று தெரிந்துகொண்டு அதைக் குறிப்பில் எழுதுங்கள். வெறுமனே 20 என்று வரம்பு போட்டால் தமிழ்க்காரர்கள் தேவையில்லாமல் சொற்களைச் சுருக்கிச் சிதைப்பார்கள்.

தளத்தில் இணைப்பது

வெப்லேட்டில் பதிவேற்றம் என்பது பெரும்பாலும் கோப்பை ஏற்றுவது அல்ல, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தை இணைப்பது. கூறு (வெப்லேட்டில் ஒரு தொகுதி மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்கான அலகு) ஒன்றை உருவாக்கும்போது களஞ்சிய முகவரி, கிளை, கோப்பு வடிவம், கோப்பு முகமூடி ஆகியவற்றைக் கேட்கும். முகமூடியில் மொழிக்குறி வரும் இடத்தில் நட்சத்திரம் போட வேண்டும். சாதாரணத் திட்டத்துக்கு பிஓ அடைவு, சாய்வுகோடு, நட்சத்திரம், புள்ளி பிஓ. ஆண்ட்ராய்டுக்கு வேல்யூஸ் என்ற சொல்லுக்குப் பின் சிறுகோடும் நட்சத்திரமும். அடுத்து இரண்டு பெட்டிகள் குழப்பும். 'ஒருமொழி அடிப்படைக் கோப்பு' என்பது ஆண்ட்ராய்டு, ஜேசன் போன்றவற்றுக்கு. அங்கே ஆங்கிலக் கோப்பின் பாதையைக் கொடுக்க வேண்டும். கெட்டெக்ஸ்ட்டுக்கு அதைக் காலியாக விட்டு, 'புதிய மொழிபெயர்ப்புக்கான வார்ப்புரு' என்ற பெட்டியில் பிஓடி கோப்பைக் கொடுக்க வேண்டும். ஜேசன் திட்டத்தில் அடிப்படைக் கோப்பைக் கொடுக்காமல் விட்டால் மொழிபெயர்ப்பவருக்கு ஆங்கில வாக்கியத்துக்குப் பதில் வெறும் சாவிப்பெயர்கள்தான் மூலமாகத் தெரியும்.

பிஓடி மாறியதும் எல்லா மொழியின் பிஓ கோப்பும் தானாக மாறும் என்று எண்ண வேண்டாம். புதிய வார்ப்புருவைப் பழைய பிஓ கோப்புகளோடு இணைக்கும் எம்எஸ்ஜிமெர்ஜ் துணைநிரலைக் கூறில் இயக்கினால்தான் நடக்கும். அதிலேயே முந்தைய மூலத்தை வைத்திருக்கும் விருப்பத்தையும் போட்டுவிடுங்கள். பழைய ஆங்கிலத்துக்கும் புதிய ஆங்கிலத்துக்கும் என்ன வித்தியாசம் என்று மொழிபெயர்ப்பவருக்கு நிறமிட்டுத் தெரியும். ஒரு சொல் மாறியதற்காக முழு வாக்கியத்தையும் துருவிப் பார்க்க வேண்டியதில்லை.

டிரான்சிஃபெக்ஸில் டிஎக்ஸ் என்ற கட்டளைவரிக் கருவி. திட்டத்தின் வேர் அடைவில் புள்ளி டிஎக்ஸ் அடைவுக்குள் கான்ஃபிக் கோப்பு இருக்கும். சோர்ஸ் ஃபைல், சோர்ஸ் லாங், டைப், ஃபைல் ஃபில்டர் ஆகியவை அதில் முக்கியம். ஃபைல் ஃபில்டரில் மொழிக்குறியின் இடத்தில் கோண அடைப்புக்குள் லாங் என்று வரும். மூலத்தை மட்டும் ஏற்ற 'டிஎக்ஸ் புஷ்' கட்டளையோடு சிறுகோடும் எஸ் எழுத்தும் போதும். டி எழுத்தையும் சேர்த்தால் உங்கள் கணினியிலுள்ள மொழிபெயர்ப்புகளும் மேலேறும். முதல் தடவைக்குப் பிறகு அது வேண்டவே வேண்டாம்.

க்ரவுடினில் க்ரவுடின் புள்ளி ஒய்எம்எல் கோப்பு. சோர்ஸ், டிரான்ஸ்லேஷன் என்ற இரண்டு பாதைகள் போதும். 'அப்லோட் சோர்சஸ்' கட்டளையை முதலில் டிரைரன் விருப்பத்தோடு ஓட்டுங்கள். எந்தக் கோப்புகள் போகும் என்று பட்டியலிட்டுக் காட்டும். சோதனைக்காக வைத்த கோப்புகள் நட்சத்திரப் பாதையில் மாட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தளத்துக்குள் நுழையக் கடவுச்சொல் போலப் பயன்படும் டோக்கனை இந்தக் கோப்பில் எழுதிக் களஞ்சியத்தில் போட்டுவிடாதீர்கள், சூழல் மாறியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பதிவேற்றம்

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துகிறீர்கள். எம்எஸ்ஜிமெர்ஜ் பழைய மொழிபெயர்ப்பைத் தூக்கி எறியாது. ஒத்த வாக்கியம் என்று கண்டு ஃபஸி என்ற குறியோடு வைக்கும். தளத்தில் அது 'திருத்தம் தேவை' என்று தெரியும். ஆனால் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவி, மென்பொருள் ஓடும்போது வாசிக்கும் எம்ஓ கோப்பை உருவாக்கும்போது ஃபஸி பதிவுகளை இயல்பாக விட்டுவிடும். வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு நீங்கள் திருத்திய எழுத்துப்பிழையால் நாற்பது மொழிகளில் அந்த வாக்கியம் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறது. லினக்ஸ் மேசைத்தளமான க்னோம் திட்டத்தில் ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் சர உறைவு என்று ஒரு காலம் அறிவிப்பது இதற்காகத்தான். அந்த நாட்களில் சரத்தை மாற்ற மொழிபெயர்ப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

பொருள் மாறாத திருத்தம் என்றால் வழி உண்டு. நிரலில் மாற்றும்போதே எல்லா பிஓ கோப்புகளிலும் எம்எஸ்ஜிஐடி வரியை அதேபோல மாற்றி, ஒரே கமிட்டில் (கிட்டில் செய்யும் ஒரு பதிவு) போட்டுவிட்டால் சாவியும் சாவியும் பொருந்தும், ஃபஸி ஆகாது. நீண்ட வாக்கியங்கள் பிஓ கோப்பில் பல வரியாக உடைந்திருக்கும் என்பதால் வெறும் தேடி-மாற்றும் கட்டளை சிலவற்றைத் தவறவிடும். முடிந்ததும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவியை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் விருப்பத்தோடு ஓட்டி, ஃபஸி எண்ணிக்கை கூடவில்லை என்று பாருங்கள்.

சாவி தனியாக உள்ள வடிவங்களில் இதற்கு நேர்மாறான கவனம் வேண்டும். பொருள் மாறினால் சாவியையும் மாற்றுங்கள். மொசில்லா திட்டங்களில் இது விதி. அங்கே பொருள் மாறிய சரத்துக்குப் புதுப் பெயர் வைக்காமல் விட்டால் மறு ஆய்வில் திருப்பி அனுப்புவார்கள். ஆண்ட்ராய்டு கோப்பில் ஃபஸி என்று குறித்துவைக்க இடமில்லை. தளம் தன் தரவுத்தளத்தில் 'திருத்தம் தேவை' என்று வைத்திருந்தாலும் கோப்பில் பழைய தமிழ் அப்படியே இருக்கும். 'சேமிக்கவா?' என்ற கேள்வி 'நீக்கவா?' என்று மாறியிருந்தால் பயனர் பழைய கேள்விக்கு ஆம் சொல்லிக் கோப்பை இழப்பார்.

க்ரவுடினில் மூலச் சரம் மாறினால் அதன் மொழிபெயர்ப்புகள் இயல்பாக நீங்கிவிடும். வைத்திருக்க வேண்டுமானால் ஒய்எம்எல் கோப்பில் அப்டேட்-ஆப்ஷன் என்ற வரி தேவை. 'அன்அப்ரூவ்ட்' என்று முடியும் மதிப்பு மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஒப்புதலை மட்டும் நீக்கும். 'வித்தவுட் சேஞ்சஸ்' என்று முடிவது இரண்டையும் வைத்துக்கொள்ளும். எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு இரண்டாவது, மற்ற எல்லாவற்றுக்கும் முதலாவது. இரண்டாவதையே நிரந்தரமாகப் போட்டுவைப்பது ஆபத்து. க்ரவுடின் கோப்பை அதன் பாதையால் அடையாளம் காண்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அடைவின் பெயரை மாற்றி ஏற்றினால் புதுக் கோப்பு உருவாகும், பழையது தன் மொழிபெயர்ப்புகளோடு அனாதையாக நிற்கும். டிலீட்-அப்சொலீட் விருப்பத்தையும் சேர்த்து ஓட்டினால் அந்தப் பழையதும் போய்விடும். பெயர் மாற்றத்தை முதலில் தளத்திலேயே செய்துவிட்டு, பிறகு ஒய்எம்எல் பாதையைத் திருத்தி ஏற்றுவதே பாதுகாப்பு.

டிரான்சிஃபெக்ஸில் கண்டுபிடிக்கக் கடினமான ஒரு பொறி இருக்கிறது. டிஎக்ஸ் கருவி, கணினியிலுள்ள கோப்பு புதிதா தளத்தில் இருப்பது புதிதா என்று கோப்பு மாறிய நேரத்தை வைத்து ஒப்பிடும். தானியங்கிக் கட்டமைப்புச் சேவையகத்தில் களஞ்சியம் ஒவ்வொரு தடவையும் புதிதாக நகலெடுக்கப்படுகிறது. கிட் கோப்பின் பழைய நேரத்தைக் காப்பதில்லை, நகலெடுத்த நேரத்தையே போடும். ஆகவே மூன்று மாதப் பழைய மொழிபெயர்ப்புக் கோப்பும் 'இப்போதுதான் மாறியது' என்று தெரியும். அந்தக் கட்டளையில் டி எழுத்தும் இருந்துவிட்டால் நேற்று ஒருவர் தளத்தில் செய்த திருத்தத்தின்மேல் பழையது ஏறி உட்காரும். யூஸ்-கிட்-டைம்ஸ்டாம்ப்ஸ் விருப்பம் இதற்காகவே இருக்கிறது. அதைவிட, தானியங்கி வேலையில் மூலத்தை மட்டும் ஏற்றுவதே உறுதியான வழி.

வெப்லேட்டில் பொறி வேறு. மொழிபெயர்ப்பவர் சேமித்ததும் அது உடனே கிட்டுக்குப் போவதில்லை. இயல்பான அமைப்பில் 24 மணி நேரம் வரை காத்திருந்து கமிட் ஆகும். அந்த இடைவெளியில் நீங்கள் பிஓ கோப்புகளை மாற்றிப் புஷ் செய்தால், அதாவது களஞ்சியத்துக்கு அனுப்பினால், மோதல் வரும், கூறு இணைக்க முடியவில்லை என்ற எச்சரிக்கையோடு நிற்கும். பெரிய மாற்றத்துக்கு முன் டபிள்யூஎல்சி என்ற வெப்லேட்டின் கட்டளைவரிக் கருவியை இந்த வரிசையில் பயன்படுத்துங்கள்: முதலில் லாக், பிறகு கமிட், புஷ். அடுத்து உங்கள் கணினியில் கிட் புல். உங்கள் மாற்றங்களைச் செய்து கிட் புஷ். பிறகு டபிள்யூஎல்சி புல், கடைசியாக அன்லாக். பத்து நிமிடப் பூட்டு யாரையும் வருத்தாது. மோதலில் சிக்கியதைப் பிரிக்க ஒரு முழு நாள் போகும். அவசரத்தில் தளத்தின் மாற்றங்களை எல்லாம் அழித்து மீட்டமைக்கும் பொத்தானை அழுத்துகிறவர்கள், இன்னும் புஷ் ஆகாத வேலை முழுவதையும் அழிக்கிறார்கள்.

மோதல்களைக் குறைக்க இன்னொரு சின்ன ஏற்பாடு. பிஓ கோப்பில் ஒவ்வொரு சரத்துக்கும் மேலே கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். நிரலின் மேற்பகுதியில் ஒரு வரி சேர்த்தால் கீழே உள்ள எல்லா எண்ணும் மாறி, நாற்பது பிஓ கோப்பும் மாறியதாகத் தெரியும். ஆட்-லொகேஷன் விருப்பத்துக்கு ஃபைல் என்ற மதிப்பைக் கொடுத்தால் கோப்பின் பெயர் மட்டும் வரும். அது மொழிபெயர்ப்பவருக்குப் போதுமான துப்பு. அதையும் முழுதாக நீக்கிவிட வேண்டாம். சரம் எந்தச் சாளரத்தில் வருகிறது என்று ஊகிக்க அந்தப் பெயர் ஒன்றுதான் பல நேரம் கைகொடுக்கிறது. வரியை உடைக்கும் அகலமும் உங்கள் கருவியிலும் தளத்திலும் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் வரிகள் இங்குமங்கும் உடைந்து வெற்று மாற்றங்களைக் காட்டும்.

மொழிக்குறி

தமிழுக்கு டிஏ என்று வைப்பதா, டிஏ-ஐஎன் என்று இந்தியாவுக்கு மட்டுமாக வைப்பதா என்ற கேள்வியை ஏற்றுகிறவர்தான் தீர்க்க வேண்டும். பின்னால் வருகிற மொழிபெயர்ப்பாளரால் மாற்ற முடியாது. கெட்டெக்ஸ்ட், பயனரின் அமைப்பு டிஏ-எல்கே என்றிருந்தால் முதலில் அந்த அடைவைத் தேடும், அடுத்து டிஏ அடைவைத் தேடும், அங்கேயும் இல்லாவிட்டால் ஆங்கிலத்துக்குப் போய்விடும். டிஏ-ஐஎன் அடைவை அது எட்டிப்பார்க்காது. சென்னையில் ஒருவர் முழுதாக மொழிபெயர்த்து இந்தியக் குறியில் வைத்த கோப்பு, யாழ்ப்பாணத்தில் இலங்கை அமைப்போடு இருக்கும் கணினியில் ஒரு வரிகூடத் தெரியாது. நாடு சார்ந்த வேறுபாடு உண்மையிலேயே தேவைப்படாத வரை வெறும் டிஏ போதும். தளம் வேறு குறியை வற்புறுத்தினால், வெப்லேட்டில் கூறின் மொழிக்குறி அமைப்பிலும், டிரான்சிஃபெக்ஸில் லாங்-மேப் வரியிலும், க்ரவுடினில் மொழி மேப்பிங்கிலும் அதை டிஏ என்று திருப்பி எழுதிக்கொள்ளலாம். திருப்பிய பிறகு ஒரே ஒரு சரத்தைத் தமிழில் எழுதி, கோப்பை இறக்கி, அது எந்த அடைவில் வந்து விழுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு மற்ற மொழிகளுக்குத் திறந்துவிடுங்கள்.